இரண்டு பிரிண்டருக்கும் ஒரே பெயர்

இல்லை சார், கலெக்டர் ஆபீசுக்கு இல்லை. திங்கட்கிழமையும் அதுவுமாகக் கையில் ஃபைலோடு போடியில் தேனி பஸ் ஏறினால் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். கண்டக்டரும் கேட்டார். மனு இருக்கிறது, கலெக்டருக்கு எழுதியதுதான். ஆனால் இன்றைக்குக் கொடுக்கப் போவதில்லை. இன்றைக்கு வேறு வேலை. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இந்த வண்டி பத்து ஐந்துக்கு எடுத்திருக்க வேண்டும். பத்து எட்டுக்கு எடுத்தார் டிரைவர். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். யாரும் கவனிப்பதில்லை.

நான் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவன். பெயர் தெய்வேந்திரன். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று முப்பத்தோரு வருஷம் நோட்டில் எழுதியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் மனசு எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. அது ஒரு வியாதி என்பார் லூர்துசாமி.

லூர்துசாமி என் பக்கத்து வீட்டுக்காரர். முன்சீப் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். என் மனுவே அவர் மேல்தான். தன் வீட்டுச் சுவரில் கேமரா மாட்டி என் வாசலைப் படம் பிடிக்கிறார். குறை அவ்வளவுதான். உங்களிடம் ஒரே வரியில் சொல்லிவிட்டேன், பாருங்கள். இதைச் சொல்ல எனக்கு மூன்று பக்கம் வேண்டியிருந்தது என்று அவர் எழுதினார். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பெங்களூரு.

என் மகன் செந்தூரன் பெங்களூரில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. என் மனைவி போய் ஆறு வருஷம் ஆயிற்று. நான் இங்கே தனியாக இருக்கிறேன், சௌகரியமாக இருக்கிறேன். போன மார்கழியில் பால் பாக்கெட் எடுக்கப் போனவன் கேட்டுக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டேன். தலைசுற்றல். புருவத்துக்கு மேலே இரண்டு தையல். லூர்துசாமிதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அப்போது எங்களுக்குள் பேச்சுவார்த்தை இருந்தது. செந்தூரன் ஓடி வந்தான். இரண்டு நாள் இருந்தான். கிளம்பும்போது, "இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துடணும்ப்பா. அப்புறம் பேச்சே கிடையாது" என்றான். நானும் சரியென்று சொல்லிவிட்டேன். இனிமேல் எங்கே விழப்போகிறோம் என்ற தைரியம்தான்.

பெங்களூரில் ஒரு மாதம் இருந்து பார்த்திருக்கிறேன், சார். மகனும் மருமகளும் தங்கமானவர்கள், அதில் குறையே இல்லை. ஆனால் பதினான்காவது மாடி. கீழே ரோட்டில் எது போகிறது, எத்தனை மணிக்குப் போகிறது, ஒன்றும் தெரியாது. பகல் முழுவதும் என்னோடு பேசியது லிஃப்ட் மட்டும்தான். அதுவும் கன்னடத்தில். எனக்கு என் வீடு, என் வாசல், காலையில் கம்பம் போகிற முதல் வண்டியின் ஹாரன். அது போதும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

இப்போது நெட். மனுவுக்கும் நெட்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது, கேளுங்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நானும் லூர்துசாமியும் சேர்ந்து ஒரே கனெக்‌ஷன் எடுத்தோம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தானே, எதற்கு இரண்டு என்று அவர்தான் சொன்னார். போஸ்ட் கம்பம் அவர் பக்கம் இருந்ததால் ரௌட்டர் பெட்டியை அவர் ஹாலில் மாட்டினார்கள். ஆதார் அட்டையை நான் கொண்டுபோயிருந்ததால் கனெக்‌ஷன் என் பெயரில் வந்தது. பாஸ்வேர்டில் முதல் பாதி என்னுடைய பேட்ஜ் நம்பர், பின் பாதி அவர் மனைவி எமிலியின் பிறந்தநாள். பிறகு சண்டை வந்தபோது இரண்டு பேராலும் அதை வெட்ட முடியவில்லை. பெட்டி அவரிடம், பெயர் என்னிடம்.

ரௌட்டர் என்றால் என்னவென்று தெரியுமில்லையா? அது பஸ் ஸ்டாண்ட். வெளியூர் வண்டியெல்லாம் அங்கே வந்து நிற்கும். அங்கிருந்து டவுன் பஸ் மாதிரி வீட்டுக்குள்ளே போன், கம்ப்யூட்டர், டிவி, பிரிண்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஆளைப் பிரித்து அனுப்பும். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர் கொடுத்து வைத்திருக்கும், ரூட் நம்பர் மாதிரி. வயர் போட்டால் தண்டவாளம். வயர் இல்லாவிட்டால் ரோடு. இதை நான் செந்தூரனிடம் சொன்னபோது, "கிட்டத்தட்ட சரிப்பா" என்றான். தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அவன் அப்படித்தான் சொல்லுவான்.

அதே வருஷம் ஆடித் தள்ளுபடியில் இரண்டு பேரும் தேனிக்கு வந்து பிரிண்டர் வாங்கினோம். ஜோடியாக எடுத்தால் விலை இன்னும் குறையும் என்றார் கடைக்காரர். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே கறுப்பு நிறம். வயரிலும் வேலை செய்யும், வயர் இல்லாமலும் செய்யும். பொங்கலுக்கு வந்த செந்தூரன் இரண்டையும் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். எனக்கு வயர்தான் நம்பிக்கை. கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டருக்கு வயர் போட்டே வைத்துக்கொண்டேன்.

சரி, கேமரா. நான் விழுந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் லூர்துசாமியின் சுவரில் வெள்ளையாக முட்டை மாதிரி ஒன்று. அது பார்ப்பது அவர் வாசலையா? இல்லை. என் கேட்டை. நான் பால் எடுக்கிற இடத்தை. என்ன லூர்து இது என்று கேட்டேன். திருட்டுப் பயம் என்றார். திருட்டுப் பயம் என்றால் உன் வாசலைப் பார்த்து வைக்க வேண்டியதுதானே என்றேன். என் சுவர், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வைப்பேன் என்றார். அது உன் சுவர், இது என் கேட் என்றேன். "டைம் கீப்பர், உங்களுக்கு எதைச் சொன்னாலும் ஏறாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது. ஏழு மாதம். எமிலி மட்டும் வெள்ளிக்கிழமை மீன் குழம்பைச் சுவர் மேலே வைப்பார். கிண்ணத்தைக் கழுவித் திருப்பி வைப்பேன். அது வேறு இலாகா.

இதில் அநியாயத்தைக் கவனியுங்கள், சார். அந்தக் கேமரா எந்த லைனில் ஓடுகிறது? என் பெயரில் இருக்கிற லைனில். என் கனெக்‌ஷனிலேயே என்னைப் படம் பிடிக்கிறார்.

ஆறு மாதம் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் பத்தாம் தேதி மனு எழுத உட்கார்ந்தேன். நானே டைப் செய்தேன், மூன்று நாள் ஆயிற்று. பிரிண்ட் எடுக்கலாம் என்று பார்த்தால் வயரை எலி கடித்து வைத்திருக்கிறது. செந்தூரனுக்கு போன் போட்டேன். என்ன பிரிண்ட் என்று கேட்டான், பென்ஷன் விஷயம் என்றேன். வயர் இல்லாமலே போகும்ப்பா என்று எங்கே அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். அழுத்தினேன். வரவில்லை. மறுபடி அழுத்தினேன். பிரிண்டர் விளக்கு எரிகிறது, பேப்பர் இருக்கிறது, சத்தமே இல்லை. ஒன்பது தடவை அழுத்திவிட்டு வெறுத்துப்போய் எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் என் கேட்டில் பால் பையோடு ஒரு கவர் செருகியிருந்தது. பிரித்தால் என் மனு. நான் எழுதிய மனு, சார், நான் யாரிடமும் காட்டாத மனு. அதில் சிவப்பு மையில் திருத்தம். "பொருள் என்ற வரியே இல்லை. கலெக்டர் எப்படித் தெரிந்துகொள்வார்?" என்று மேலே எழுதியிருந்தது. 'அயோக்கியத்தனமாக' என்று நான் எழுதியதை அடித்து, 'உணர்ச்சி, நீக்கவும்' என்று ஓரத்தில். 'கெட்ட எண்ணத்தோடு' என்றதன் கீழே கோடு போட்டு, 'சான்று எங்கே?' 'எதிர்மனுதாரரின் வயது அறுபத்தேழு அல்ல, அறுபத்தாறு.' கடைசியில், 'குறை மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது. ஒன்பது பிரதி தேவையில்லை. அசலும் ஒரு நகலும் போதும்.'

கோர்ட் கையெழுத்து. எனக்குத் தெரியாதா?

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கேமரா போதாதென்று கம்ப்யூட்டருக்குள்ளும் புகுந்துவிட்டார் என்றுதானே தோன்றும்? உடனே ஸ்விட்சை அணைத்தேன். மவுஸையும் கீபோர்டையும் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன். கை கால் இல்லாமல் உள்ளே புகுந்தவர் என்ன செய்துவிட முடியும்? மானிட்டர் மேலே போர்வையைப் போட்டேன். இரண்டு நாள் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் மனசு கேட்காமல் செந்தூரனுக்கு போன் செய்து, பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி கேட்டேன். நான் பிரிண்ட் கொடுத்தால் வேறு வீட்டில் வருமா?

அவன் சிரித்தான். "லிஸ்ட்ல ரெண்டு பிரிண்டர் காட்டும்ப்பா. ஒரே மாடல், அதான் ஒரே பேரு. கடைசி ரெண்டு எழுத்து மட்டும் வேற. மேல இருக்கறது லூர்து மாமாவோடது. கீழ இருக்கறதுதான் உங்களுது. ஒரே நெட்டுல இருக்கறதால ரெண்டும் தெரியுது. அங்க கேமரா ஒண்ணும் காட்டும், அதை மட்டும் தொட்டுடாதீங்க."

இரண்டு வண்டிக்கும் ஒரே போர்டு, சார். டெப்போவில் அப்படி ஒரு நாள் நடந்திருந்தால் என்னைச் சும்மா விட்டிருப்பார்களா? நம்பரைப் பார்க்காமல் ஏறினால் ஊர் மாறித்தான் போகும். அங்கே கேமரா இருப்பது செந்தூரனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? நானும் யோசித்தேன். நான் சொன்னதில்லை. படித்த பிள்ளை, ஊகித்திருப்பான்.

சரி, விஷயம் தெரிந்துவிட்டது. கீபோர்டைப் பீரோவிலிருந்து எடுத்தேன். மனுவைத் திருத்தினேன். அவர் சொன்னார் என்று இல்லை, 'பொருள்' வரி நியாயமாகவே விட்டுப்போயிருந்தது. மூன்று பக்கம் இரண்டு பக்கமானது. பிரிண்ட் கொடுத்தேன். கை தவறி மேலே இருப்பதையே அழுத்திவிட்டேன். வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது. மறுநாள் கேட்டில் கவர். சிவப்பு மை குறைந்திருந்தது. மறுபடி திருத்தினேன், மறுபடி கை தவறிவிட்டது. அந்தப் பிரதியில் ஒரு பத்திக்குப் பக்கத்தில் 'நன்று' என்று எழுதியிருந்தார். என் முப்பத்தோரு வருஷ சர்வீசில் என் நோட்டைப் பார்த்து ஒரு மேனேஜரும் நன்று என்று எழுதியதில்லை. அதைச் சும்மா சொல்கிறேன்.

அதற்கு அடுத்த நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அடுத்த அறையில் என் பிரிண்டர் தானாக உறுமுகிறது. கையில் சோற்றோடு ஓடினேன். ஒரு தாள் மெதுவாக வெளியே வந்தது. 'மனுவில் இணைப்பு எதுவும் இல்லை. ஆதாரம் இல்லாத மனு நிற்காது.' அவ்வளவுதான். அவருக்கும் இரண்டாவது பெயரை அழுத்தத் தெரிந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. உடனே டைப் செய்து அனுப்பினேன். இந்தத் தடவை கை தவறவில்லை, வேண்டுமென்றேதான் மேலே அழுத்தினேன். 'கேமரா உங்களிடம் இருக்கிறது. ஆதாரத்தை என்னிடம் கேட்டால்?'

பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. எழுத்து இல்லை. படம். கறுப்பு வெள்ளையில் என் வாசல். கேட் பாதி திறந்திருக்கிறது. நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு கை சுவரில். பால் பாக்கெட் உடைந்து கால் பக்கம் ஓடியிருக்கிறது. மூலையில் தேதி, போன மாதம் ஒன்பது. நேரம் காலை ஐந்து ஐம்பத்திரண்டு. அதற்குக் கீழே ஒரு வரி. 'இணைப்பு ஒன்று. செந்தூரனுக்கு இதுவரை அனுப்பப்படவில்லை.'

நான் விழவில்லை, சார். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது, கேட்டைப் பிடித்தேன், அது நழுவியது, உட்கார்ந்துவிட்டேன். விழுவது வேறு, உட்காருவது வேறு. யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது? அதற்கு மறுநாள்தான் மனு எழுத ஆரம்பித்தேன் என்பது உண்மை. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அன்றைக்கு நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போது லூர்துசாமி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் முழுக்க நல்ல மழை. நனைந்த செடிக்கு யாராவது தண்ணீர் விடுவார்களா? நான் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்துகிற வரைக்கும் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேடிக்கை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது எது தெரியுமா? நேரம். ஐந்து ஐம்பத்திரண்டு இல்லை. நான் உட்கார்ந்தபோது கம்பம் வண்டி மெயின் ரோட்டில் திரும்பி ஹாரன் அடித்தது. அது ஐந்து நாற்பத்தெட்டு. மாறவே மாறாது. விடுவேனா? உடனே டைப் செய்தேன். 'உங்கள் கேமராவின் கடிகாரம் தவறு. நான் உட்கார்ந்தது ஐந்து நாற்பத்தெட்டு. நான்கு நிமிடம் கூடுதலாகக் காட்டுகிறது. இந்த ஆதாரம் செல்லாது.' அனுப்பிவிட்டு ஒரு தம்ளர் மோர் குடித்தேன். அவ்வளவு திருப்தி.

பதில் வந்தது. 'கடிகாரம் சரியாகத்தான் இருக்கிறது. படம், நீங்கள் உட்கார்ந்து நான்கு நிமிடம் கழித்து எடுத்தது. எழுந்த நேரம் ஆறு ஐந்து என்று கேமராவில் பதிவாகியிருக்கிறது. உட்கார்ந்த நேரம் மட்டும்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது, ஏனென்றால் நான் போனில் அழுத்தினால்தான் கேமரா பதியும், நான் வெளியே வந்து அழுத்தியது அதற்குப் பிறகு. ஆகப் பதினேழு நிமிடம் என்று மனுதாரரே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.'

கோர்ட்டில் இருந்தவர்கள் சகவாசமே கூடாது, சார்.

அன்று முழுவதும் நான் பிரிண்டர் இருக்கிற அறைக்குள் போகவில்லை. பெங்களூருக்கு என்னென்ன சாமான் எடுத்துப்போகலாம் என்றுகூட ஒரு கட்டத்தில் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். சுவர்க் கடிகாரத்தை எடுத்துப்போகலாம், அங்கே மாட்ட இடம் இருக்கிறது. வேறு எதைக் கொண்டுபோனாலும் அங்கே என்ன செய்வது என்று தோன்றியது. சாயங்காலம் பிரிண்டர் சத்தம் கேட்டது. போகவில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்துத்தான் போய்ப் பார்த்தேன்.

'டாக்டர் அங்கயற்கண்ணி, தேனி. தலைசுற்றல், நரம்பு. திங்கட்கிழமை காலை பதினொன்று. டோக்கன் போட்டாயிற்று. மனுதாரர் நேரில் ஆஜராக வேண்டும். ஆஜரானால் இணைப்பு ஒன்று அழிக்கப்படும். தவறினால் பெங்களூருக்கு அனுப்பப்படும்.' கீழே கையெழுத்துப் போடுகிற இடத்தில் பெயரையும் டைப் செய்திருந்தார்.

மிரட்டல்தானே இது? போலீசுக்கே போகலாம். ஆனால் போலீசுக்கும் மனுதான் எழுத வேண்டும், அதையும் அவரிடமே திருத்த வேண்டும். அதனால்தான் இப்போது தேனிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஃபைலில் இருப்பது பழைய தையல் போட்ட சீட்டு, மாத்திரைச் சீட்டு, அந்தப் படம், மனு. படத்தை டாக்டர் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். மனுவை ஏன் எடுத்து வந்தேன் என்றால், அது இப்போது ஒரே பக்கம். நாலாவது பிரதி. ஒரு சொல் அதிகம் இல்லை, ஒரு சொல் குறைவும் இல்லை. கலெக்டரே படித்தால் பாராட்டுவார். கொடுத்துவிட்டால் கையை விட்டுப் போய்விடும், பிறகு திருத்த முடியாது. இருக்கட்டும், பார்க்கலாம்.

பழனிசெட்டிபட்டி தாண்டிவிட்டோமா? பத்து முப்பத்தைந்து. விட்ட மூன்று நிமிடத்தைப் பிடித்துவிட்டார், பரவாயில்லை, நல்ல டிரைவர்தான்.

அடுத்த ஸ்டாப்பில் நான் இறங்க வேண்டும். உங்களிடம் ஒரு சின்ன உதவி, சார். பின்னால் கடைசி சீட்டில் வெள்ளைச் சட்டை போட்டு, மடியில் குடையை வைத்துக்கொண்டு ஒருத்தர் தூங்குகிறார், பாருங்கள். அவர்தான் லூர்துசாமி. போடியிலேயே எனக்குப் பின்னால் ஏறினார். எதற்கு வருகிறார் என்று நான் கேட்கவில்லை, கேட்க முடியாது. பஸ்ஸில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவார், அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான். விட்டால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விடுவார். அங்கிருந்து திரும்பி வருவதற்குள் பதினொன்று தாண்டிவிடும். டாக்டர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் அன்றைக்கு வெளியே நின்றவருக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது.

நீங்கள் போய்த் தோளைத் தட்டி ஸ்டாப் வந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். மெதுவாகத் தட்டுங்கள், திடுக்கிட்டால் அவருக்குப் படபடப்பு வந்துவிடும். படியில் இறங்கும்போது இடது கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் முழங்கால் சரியில்லை. நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்களுக்குள் பேச்சு இல்லை.